பக்கத்துப் பல்

நாத்தனாருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து கரண்ட், அதாவது கதிர் சிகிச்சை, வைத்துக்கொண்டார். கட்டி கரைந்துபோனது. வீட்டில் எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். பற்கள் கெட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

கதிர் பட்டதில் கட்டியோடு சேர்த்து எச்சில் சுரப்பதும் நின்றுவிட்டது. எச்சில் இல்லாத வாயில் சாப்பிட்டது ஒட்டியபடியே கிடக்கும். ஈறு ஓரமாகச் சொத்தை பிடிக்கும். பிடித்தால் வேகமாகப் பரவும். நாத்தனாருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தம்பி மனைவியே பல் டாக்டர். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை, ஒரு நாற்காலி, பின்பக்கம் லாரி போலச் சத்தம் போடும் காற்று மோட்டார். அந்த நாற்காலியை மாடிக்கு ஏற்றிய நாளில், தூக்கி வந்த நாலு பேரையும் "இடது, இடது, இன்னும் ஒடி, நேரா விடு" என்று படியில் நின்று ஓட்டியவரே நாத்தனார்தான்.

அவர் தொழில் அது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பதினாறு வருடமாகப் பயிற்சியாளர். இரண்டு பக்கமும் பிரேக் வைத்த சின்ன வெள்ளைக் காரில், கற்றுக்கொள்ள வருகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடி அதிரும்படி பேசுவார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ஹாரன் அக்கா' என்று பெயர். அது அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். கரண்ட் வைத்த பிறகு குரல் கொஞ்சம் கம்மியது. ஆனாலும் சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் இன்னும் திரும்பிப் பார்க்கத்தான் செய்தார்கள்.

குடும்பத்தில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. தம்பிக்கும் சரி, தம்பி மனைவிக்கும் சரி, வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான். கிளினிக் திரைச்சீலைக்கு நிறம் பார்த்ததும் அவர்தான். டாக்டருக்கு அந்தப் பச்சை பிடிக்கவில்லை. ஆனால் அதைச் சொன்னதில்லை.

முதல் தடவை நாற்காலியில் சாய்ந்தபோது அவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினார்.

"என்ன, கிணத்துக்குள்ள சாவி விழுந்த மாதிரி எட்டிப் பாக்கறே? சொல்லு."

"அஞ்சாறு இடத்துல சொத்தை ஆரம்பிச்சிருக்கு அண்ணி. மேல கோரைப்பல்லுல பெரிசா இருக்கு. அதுக்குப் பக்கத்துல இருக்கறதெல்லாம் இன்னும் தப்பிச்சிட்டிருக்கு."

"அடைச்சிடு. பேச்சு எதுக்கு?"

டாக்டர் அவருக்கு இரண்டு பொருளையும் எடுத்துக் காட்டினாள். ஒன்று சிமெண்ட். சுண்ணாம்புக் கட்டி போல மங்கலாக இருக்கும். அதிலிருந்து ஃப்ளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அடைத்த பல்லோடு, அதை ஒட்டியிருக்கும் பல்லின் பக்கமும் அதனால் சற்றுக் கெட்டிப்படும். சொத்தை அவ்வளவு சுலபத்தில் தாவாது. ஆனால் காய்ந்த வாயில் சிமெண்ட் நிற்காது. அரிக்கும், உதிரும், திரும்பத் திரும்ப வைக்க வேண்டும். மற்றது ரெசின். பல்லின் நிறத்திலேயே பளபளவென்று இருக்கும். நீல விளக்கைக் காட்டினால் கல்லாகிவிடும், எளிதில் விழாது. ஆனால் பக்கத்துப் பல்லுக்கு அதனால் எந்த உதவியும் இல்லை.

"உங்க வாய்க்குச் சிமெண்ட்தான் அண்ணி நல்லது. அழகா இருக்காது. அடிக்கடி விழும். ஆனா மத்த பல்லுங்க தப்பிக்கும்."

"நல்ல கதையா இருக்கே! விழறதுக்குன்னே ஒண்ணை வெக்கறியா?" என்றார் நாத்தனார். சிரிக்கவும் செய்தார். அன்று டாக்டர் சொன்னபடியே சிமெண்ட் வைக்கப்பட்டது.

சிமெண்ட் விழுந்தது. ஒருமுறை வீட்டில் ரொட்டியோடு வந்தது. இன்னொருமுறை தூங்கி எழுந்தபோது தலையணையில் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் நாத்தனார் காகிதத்தில் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவார். "உங்க டாக்டரோட சாமான் திரும்ப வந்திருக்கு" என்று உதவியாளர் பெண்ணிடம் கொடுப்பார். டாக்டர் எல்லாப் பல்லையும் ஒரு சுற்றுப் பார்த்து, சுத்தம் செய்து, மருந்து பூசி, புதிதாக வைத்து அனுப்புவாள். அரைமணி நேர வேலை. காத்திருக்கும் நோயாளிகள் முணுமுணுப்பார்கள். நாத்தனார் அவர்களுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

மூன்றாவது முறை அது காருக்குள் நடந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு வங்கி அதிகாரி. பெரிய மனிதர், பின்னால் எடுக்கத் தெரியாது. மூடிக் கிடந்த தொழிற்சாலைக்குப் பின்புறம் இருந்த மைதானத்தில் டயர்களை வரிசையாக வைத்து அவரை வளைக்க வைத்துக்கொண்டிருந்தார் நாத்தனார். "திருப்புங்க சார், முழுசா திருப்புங்க!" என்று கத்தியபோது கோரைப்பல்லில் இருந்த சிமெண்ட் தெறித்து அந்த மனிதரின் சட்டைப் பையில் போய் விழுந்தது. அவர் குனிந்து எடுத்துப் பார்த்து, "மேடம், இது வண்டியோடதா, உங்களோடதா?" என்று கேட்டார். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

அன்று சாயங்காலம் நாத்தனார் கிளினிக்குக்கு வரவில்லை. நேராகத் தம்பி வீட்டுக்கு வந்து, காலணியைக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்.

"தொண்டையில கட்டின்னாங்க, சரின்னேன். கரண்ட் வெக்கணும்னாங்க, படுத்தேன். முடி கொட்டிச்சு, ருசி போச்சு, எச்சில் போச்சு. எதுக்காவது வாயைத் தொறந்தேனா?" என்றார். "ஆனா ஒரு ஆளு என் முன்னாடி என் பல்லைக் கையில வெச்சுக்கிட்டு இது என்னன்னு கேக்கறான். எனக்கு இது வேணாம். விழாத ஒண்ணை வை."

"அண்ணி, அது வந்து..."

"தெரியும். சொன்னே. பக்கத்துப் பல்லு, பக்கத்துப் பல்லுன்னு. பக்கத்துப் பல்லு பாட்டுக்கு இருக்கட்டும். இப்ப என் மானம் போகுது."

கை கழுவிக்கொண்டிருந்த டாக்டரின் கணவன் துண்டைத் தேடும் சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டான். அக்கா கிளம்பிய பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அக்கா கேக்கறதைச் செஞ்சு குடுத்துடேன். எவ்வளவு பட்டுட்டாங்க."

"அவங்க பல்லுக்கு அது சரி வராதுங்க."

"உடனே கெட்டுடுமா?"

"உடனே கெடாது."

"அப்புறம் என்ன? மாசாமாசம் செக் பண்ணிக்கோ. வீட்டு ஆளுதானே, எங்க போயிடப் போறாங்க?"

"சரி" என்றாள் டாக்டர். கணவனுக்காகத்தான் ஒத்துக்கொண்டோம் என்று பிற்பாடு பலமுறை அவள் தனக்கே சொல்லிப் பார்த்தாள். அது முழு உண்மை இல்லை. பொட்டலத்தோடு நாத்தனார் படியேறி வருவதைப் பார்க்க அவளுக்கே சலித்துப்போயிருந்தது. தான் வைத்த ஒன்று விழுந்துகொண்டே இருக்கிறது என்பது, அது ஏன் விழுகிறது என்று தெரிந்திருந்தும், உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது.

ரெசின் வைத்த நாளில் நாத்தனார் கண்ணாடியைக் கையில் வாங்கி, உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கோரைப்பல் புதிதாக முளைத்தது போல இருந்தது. அதைத் தொட்டிருந்த சின்னக் கடைவாய்ப்பல்லும் வெள்ளையாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

"இதை முதல்லயே செய்யறதுக்கு என்ன? கஞ்சப்பிசினாறி!" என்று கன்னத்தில் தட்டினார். டாக்டருக்கும் சந்தோஷமாக இருந்தது. "மாசம் ஒரு தடவை கட்டாயம் வரணும் அண்ணி. ராத்திரி ஃப்ளோரைடு தடவின மருந்துத் தட்டைப் பல்லுல மாட்டிக்கணும். ஏமாத்தக்கூடாது" என்றாள்.

"வரேன், வரேன்."

ஒரு தடவை வந்தார். அடுத்த தடவை தேர்வு நாள் என்றார். பள்ளியிலிருந்து எட்டுப் பேர் உரிமம் வாங்கப் போகிறார்களாம். அதற்கடுத்த மாதம் கூப்பிட்டபோது, "எதுக்கு? விழலியே" என்றார். முன்பு சிமெண்ட் விழுந்ததால்தான் அவர் வந்துகொண்டிருந்தார்; வந்ததால்தான் வாய் முழுவதையும் பார்க்க முடிந்தது. இது டாக்டருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்த பிறகும் அவள் வற்புறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து உரக்கப் பேசிவிட்டுப் போகிறவரிடம், "வாயைத் திறங்க, பார்க்கணும்" என்று எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டாள். முன்பின் தெரியாத நோயாளியாக இருந்திருந்தால் உதவியாளரை விட்டு நாலு தடவை போன் செய்ய வைத்திருப்பாள்.

மழைக்காலம் முடியும் சமயம், ஒரு ஞாயிறு மதியம், மேசையில் நாத்தனார் இடது பக்கமாகவே மெல்லுவதை அவள் கவனித்தாள். சூடாக இருந்த சூப்பை ஆறட்டும் என்று தள்ளி வைத்தார். குளிர்ந்த தண்ணீரையும் தொடவில்லை. சிரித்தபோது கை தானாக வாய்க்குப் போனது. ஹாரன் அக்கா கைவைத்துச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"அண்ணி, வலிக்குதா?"

"பல்லுன்னா வலிக்கத்தான் செய்யும்."

"எத்தனை நாளா?"

நாத்தனார் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கணவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் கிளினிக்கைத் திறந்தாள். பயிற்சிக் காரில்தான் போனார்கள். நாத்தனார் ஓட்ட, அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். கைதுடைக்கக் காகிதம் தேடி முன்னால் இருந்த பெட்டியைத் திறந்தபோது, உள்ளேயிருந்து மிட்டாய்த் தாள்கள் கொத்தாக மடியில் விழுந்தன. எலுமிச்சை, புதினா, ஆரஞ்சு. முழுப் பொட்டலம் ஒன்று பிரிக்காமலும் இருந்தது.

"தொண்டை காயுது" என்றார் நாத்தனார், சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நாள் முழுக்கக் கத்தணும். தண்ணி குடிச்சா அடிக்கடி வண்டியை நிறுத்தி இறங்கணும். இதுன்னா வாயில கிடக்கும்."

டாக்டர் தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டிக்குள் திரும்பப் போட்டாள்.

நாற்காலியில் விளக்கைத் திருப்பியதுமே தெரிந்துவிட்டது. கோரைப்பல்லில் வைத்த ரெசின் வைத்தபடியே இருந்தது, பளபளவென்று, ஒரு கீறலும் இல்லாமல். அதைச் சுற்றி ஈறு ஓரத்தில் பல் பழுப்பாகி மெத்தென்று இருந்தது. ஒட்டியிருந்த சின்னக் கடைவாய்ப்பல் இன்னும் மோசம். ரெசினைத் தொட்டிருந்த பக்கத்தில் கருவியை வைத்ததும் வெண்ணெயில் இறங்குவது போல உள்ளே இறங்கியது. நாத்தனாரின் விரல்கள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கின. படம் எடுத்துப் பார்த்தாள். சொத்தை நரம்பு வரை போயிருந்தது. இரண்டு பல்லிலும்.

அவள் முகமூடியைக் கழற்றாமலே சொன்னாள். அது கொஞ்சம் தைரியமாக இருந்தது.

"பிடுங்கிப் போட்டுடு" என்றார் நாத்தனார்.

"முடியாது அண்ணி. கரண்ட் வெச்ச எலும்பு. பல்லைப் பிடுங்கினா புண்ணு ஆறாமப் போகலாம். எலும்பே அழுகிடும். வேரை உள்ளேயே வெச்சுச் சுத்தம் பண்ணி, மேல தெரியற பல்லை வெட்டிடணும்."

"வெட்டிட்டா?"

"அங்க பல்லு இருக்காது. பிற்பாடு எடுத்து மாட்டற மாதிரி ஏதாவது செய்யலாம். இப்ப இல்ல."

நாத்தனார் எழுந்து உட்கார்ந்தார். கழுத்தில் கட்டியிருந்த காகிதத் துணியை அவரே அவிழ்த்தார்.

"விழாத ஒண்ணு கேட்டேன். அது விழவே இல்ல" என்றார். "பல்லுதான் போச்சு."

டாக்டருக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. பயத்தில் வருகிற கோபம். "நான் முதல்லயே சொன்னேன் அண்ணி. சிமெண்ட்தான் உங்களுக்குன்னு சொன்னேன். நீங்கதான் கேக்கல. செக்கப்புக்குக் கூப்பிட்டேன், வரல. மருந்துத் தட்டு போட்டிருக்க மாட்டீங்க. கார் நிறைய மிட்டாய். நான் என்ன பண்ணட்டும்?"

கத்தப்போகிறார் என்று நினைத்தாள். நாத்தனார் கத்தவில்லை.

"நான் தப்புப் பண்ணினேன். மிட்டாய் தின்னது நான்தான், வராம இருந்ததும் நான்தான். அதை நான் இல்லேன்னு சொல்லல" என்றார். "ஆனா ஒண்ணு கேக்கறேன். என்கிட்ட வண்டி கத்துக்க வர்றவன், நான் பிரேக்கே போடாம ஓட்டறேன் அக்கான்னு சொன்னா நான் விடுவேனா? அவன் அழுதாலும் விட மாட்டேன். என் காலு அந்தப் பக்கத்து பிரேக் மேலயே இருக்கும். நீ ஏன் விட்டே?"

டாக்டர் விளக்கைத் தள்ளி வைத்தாள்.

"உனக்கு என்னைப் பாத்தா பயம். அது எனக்குத் தெரியும். வீட்டுல பயப்படு, பரவாயில்ல, எனக்கும் அது சௌகரியம்தான். இந்த நாற்காலியில என்னைப் பாத்து எதுக்குப் பயந்தே?"

பின்னால் காற்று மோட்டார் தானாக ஓடத் தொடங்கி நின்றது. நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. டாக்டரை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதை அவர் மறந்திருந்தார். அல்லது மறக்கவில்லை.

அவள் நடந்தே வீடு திரும்பினாள். கணவன் கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ ஆறுதல் சொல்ல வந்தான். "மாசாமாசம் செக் பண்ணிக்கோன்னு நீங்க சுலபமா சொல்லிட்டீங்க" என்றாள். அவன் முகம் சுருங்கியது. உடனே, "இல்ல, உங்களைச் சொல்லல. சரின்னது நான்தான்" என்றாள். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை முதல் நோயாளிக்கு முன்பே, தன்னோடு படித்த ஒரு பெண் மருத்துவருக்குப் போன் செய்தாள். ஊரின் மறுகோடியில் பெரிய மருத்துவமனையில், கரண்ட் வைத்தவர்களின் பற்களை மட்டுமே பார்ப்பவள். கண்டிப்புக்காரி, படிக்கும் காலத்தில் யாருக்கும் அவளைப் பிடிக்காது. நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"ரெசின் வெச்சியா? அந்த வாய்க்கா?"

"ஆமாம்."

"அனுப்பு. நான் பாத்துக்கறேன். ஆனா இனிமே நீ தொடாதே."

அந்த மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும் என்று டாக்டர் முதலில் நினைத்தாள். பிறகு மனம் கேட்காமல் மத்தியானம் பயிற்சி மைதானத்துக்கே போனாள். நாத்தனார் கார் கதவில் சாய்ந்து நின்று ஒரு பெண்ணுக்கு டயர் மாற்றச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் பேச்சை நிறுத்தவில்லை. நட்டு எல்லாம் இறுக்கி முடித்த பிறகுதான் வந்தார்.

"அண்ணி, நான் உங்களுக்கு இனிமே பாக்க வேணாம்னு நினைக்கறேன். வேற டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன். நீங்க என்ன சொன்னாலும் அவ கேக்க மாட்டா."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அவ்வளவு பெரிய ஆளா?"

"ரொம்பக் கண்டிப்பு."

"சரி, போறேன்" என்றார். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றாள். டயர் மாற்றிய பெண் தூரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு பல்லும் வெட்டப்பட்டன. வேர்கள் உள்ளேயே இருந்தன. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்ற பற்களில் இருந்த சொத்தையெல்லாம் மறுபடி சிமெண்டால் அடைக்கப்பட்டது. கண்டிப்புக்கார டாக்டர் மிட்டாயை நிறுத்தச் சொன்னதோடு விடவில்லை. வாரம் தவறாமல் உதவியாளரை விட்டுப் போன் செய்து கேட்க வைத்தாள். நாத்தனார் காரில் தண்ணீர்ப் புட்டி வைத்துக்கொண்டார். அடிக்கடி வண்டியை நிறுத்தி இறங்கினார். மேல் வரிசையில் வலப்பக்கம் இடைவெளி தெரிந்தது. சிரித்தால் கை வாய்க்குப் போவது நிற்கவில்லை. 'ச' சொல்லும்போது லேசாகக் காற்று வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க, முதல் நாளே, "பல்லு இல்ல, காது இருக்கு, கேட்டுக்கோ" என்று சொல்லிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை அவர் நிறுத்தவில்லை. பேச்சுதான் பழையபடி இல்லை. தம்பியோடு வழக்கம் போலச் சத்தம் போட்டார். டாக்டரிடம் மட்டும் குரலைத் தணித்துப் பேசினார். அது அவளுக்குத் திட்டு வாங்குவதைவிட வலித்தது.

கோடை தொடங்கியபோது ஒரு ஞாயிறு, சாப்பிட்டு முடித்து, கணவன் வெளியே போயிருந்த நேரம், நாத்தனார் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டார்.

"உன் சிநேகிதி நல்லாத்தான் பாக்கறா. ஆனா மூஞ்சியில ஒண்ணும் காட்ட மாட்டேங்கறா. எப்படி இருக்குன்னு கேட்டா அடுத்த மாசம் வாங்கன்னு சொல்றா. நீ ஒரு தடவை பாரு."

"நானா அண்ணி?"

"பாக்கத்தான் சொன்னேன். எதையும் வெக்கச் சொல்லல."

அவள் கை கழுவிவிட்டு வந்து, கைபேசி விளக்கை ஏற்றி, உதட்டை விரலால் விலக்கினாள். சிமெண்டுகள் சாம்பல் நிறத்தில், ஓரம் அரித்து, பார்க்க அவலட்சணமாக இருந்தன. ஒன்று பாதி உதிர்ந்துவிட்டிருந்தது. அவற்றை ஒட்டியிருந்த பற்கள் உறுதியாக இருந்தன. நகத்தால் தட்டிப் பார்த்தாள். கீழ் வரிசைக்கு வந்தபோது அவள் விரல் நின்றது. முன்பற்களில் ஒன்றின் அடியில், ஈறுக்குச் சற்று மேலே, சுண்ணாம்புக் கோடு போல ஒரு வெண்மை. பக்கத்தில் எந்த அடைப்பும் இல்லாத பல். சென்ற மாதம் அது இருந்திருக்காது, அல்லது கவனத்துக்கு வந்திருக்காது.

நாத்தனாரின் கண்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

நாளைக்குச் சிநேகிதிக்குப் போன் செய்து சொல்லிக்கொள்ளலாம், இன்று அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகட்டும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு ஓடியது.

"கீழ ஒண்ணு ஆரம்பிக்குது அண்ணி" என்றாள். "முன்பல்லு. சின்னதுதான், இப்பவே பாத்தா நிறுத்திடலாம். அடுத்த மாசம் வரைக்கும் விடக்கூடாது. நாளைக்கே போங்க."

"நாளைக்கு எனக்கு மூணு பேர் தேர்வுக்குப் போறாங்க."

"போகட்டும். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போறீங்க."

"அவங்களை யாரு கூட்டிட்டுப் போறது?"

"எனக்குத் தெரியாது. வேற ஆள் போடச் சொல்லுங்க. நாளைக்குக் காலையில நீங்க அங்க இருக்கணும்." கைபேசி விளக்கை அணைத்தாள். "முடியாதுன்னா சொல்லுங்க, நான் இப்பவே பள்ளிக்குப் போன் பண்றேன்."

நாத்தனார் வாயை மூடினார். இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். களைப்பில் அவர் வயது தெரிந்தது. "இது எப்பதான் முடியும்?" என்று கேட்டார். கோபமாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"முடியாது அண்ணி" என்றாள் டாக்டர். "பாத்துக்கிட்டே இருக்கணும்."

நாத்தனார் பைக்குள் கைவிட்டுப் போனை எடுத்து, கண்ணாடி இல்லாமல் எட்டத்தில் பிடித்து, பள்ளி எண்ணைத் தேடத் தொடங்கினார்.